மான்ட்கோமரி கவுண்டியில் குடியிருப்போருக்கு: சமூக நிகழ்ச்சிகளையும் சுற்றுச்சூழல் திட்டங்களையும் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஜூலை மாதமும் சொத்து வரிச் சீட்டு வருகிறது. பலர் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். இம்முறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். குப்பை அகற்றலுக்கு ஒரு கட்டணமும், நீர்த் தரப் பாதுகாப்புக்கு இன்னொரு கட்டணமும் தனித்தனியாக இருக்கும். கவுண்டி நடத்தும் ஓடைப் பராமரிப்பு, தோட்ட மானியம், மறுசுழற்சிச் சேவை ஆகியவற்றுக்கு இந்த இரண்டு கட்டணங்களிலிருந்துதான் பெரும்பகுதிப் பணம் போகிறது. அதாவது, 'இலவசம்' என்று சொல்லப்படும் பலவற்றுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க், கெய்தர்ஸ்பர்க் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கவுண்டிப் பள்ளிகளைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. அதே கவுண்டி உங்கள் தோட்டத்தில் மரம் நட்டுத் தரும் என்பதோ, மழைநீரை மண்ணில் இறக்கினால் பணம் திருப்பித் தரும் என்பதோ மிகச் சிலருக்கே தெரிகிறது. அந்த இடைவெளியைக் குறைக்கவே இதை எழுதுகிறேன். படிகளை இந்த வரிசையிலேயே செய்வது நல்லது; முதல் இரண்டையும் தவிர்த்துவிட்டுப் போனால் பிற்பாடு விண்ணப்பங்கள் திரும்பி வரும்.

முதல் படி: நீங்கள் யாருடைய எல்லையில் இருக்கிறீர்கள்?

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்தக் கவுண்டியில், அஞ்சல் முகவரியில் 'ராக்வில்' என்று இருப்பதால் மட்டும் ஒருவர் ராக்வில் நகராட்சிக்குள் இருக்கிறார் என்று பொருளாகாது. ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் ஆகிய மூன்று நகரங்களும் மழைநீர் நிர்வாகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அந்நகரங்களின் எல்லைக்குள் இருந்தால் கவுண்டியின் நீர்த் தரக் கட்டணமும் உங்களுக்கு இல்லை, அதையொட்டிய மானியமும் இல்லை. உங்கள் நகராட்சியைத்தான் கேட்க வேண்டும்.

குப்பையிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. கவுண்டியின் ஒரு பகுதியில் குப்பையையும் கவுண்டியே எடுக்கிறது. மற்றொரு பகுதியில் குப்பைக்குத் தனியார் வண்டி, மறுசுழற்சிப் பொருள்களுக்கு மட்டும் கவுண்டி வண்டி. அடுக்குமாடிகளுக்கும் பல டவுன்ஹவுஸ் வளாகங்களுக்கும் நிர்வாகமே தனி ஏற்பாடு செய்திருக்கும்.

இவற்றையெல்லாம் நீங்களே தேடித் துருவ வேண்டியதில்லை. கவுண்டிக்குள் இருந்து 311 என்ற எண்ணை அழைத்து, முகவரியைச் சொல்லி, "என் வீடு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா? எனக்குக் குப்பை எடுப்பது யார்?" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் வீட்டில் இருந்தால், அழைப்பை எடுத்தவுடன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாம் படி: உங்கள் கூரையின் மழைநீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் விண்ணப்பம் எதுவும் இல்லை. ஆனாலும் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தெருவோரம் இருக்கும் மழைநீர் வடிகால் வாய்க்குள் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. அது நேராக அருகிலுள்ள ஓடைக்குப் போகிறது. கெய்தர்ஸ்பர்க் பக்கம் என்றால் பெரும்பாலும் மடி பிராஞ்ச் அல்லது செனிக்கா கிரீக். ராக்வில்லின் கிழக்கே ராக் கிரீக். சில்வர் ஸ்பிரிங்கில் ஸ்லைகோ கிரீக். பொட்டோமாக் வழியாகவோ கிழக்கு ஓரத்தில் பட்டக்சென்ட் வழியாகவோ எல்லாம் செசப்பீக் விரிகுடாவில் சேர்கின்றன. கவுண்டியின் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் வருவதும் இதே இரண்டு ஆறுகளிலிருந்துதான்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 620 கேலன், அதாவது 2,300 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடும். காடாக இருந்த நிலத்தில் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். இப்போது கூரையும் தார்ச்சாலையும் வண்டிப்பாதையும் சேர்ந்து அதை ஒரே பாய்ச்சலாக ஓடைக்குத் தள்ளுகின்றன. கரைகள் அரிக்கப்படுகின்றன, புல்வெளி உரமும் வண்டி எண்ணெயும் நாய்க்கழிவும் குளிர்காலத்தில் கொட்டும் உப்பும் கூடவே போகின்றன. கோடையில் சூடான தார்மீது ஓடிவரும் நீர் ஓடையின் வெப்பத்தையே உயர்த்தி மீன்களைக் கொல்லும்.

1972ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தூய நீர்ச் சட்டத்தின்கீழ், மழைநீர் வடிகால்களை நடத்துவதற்குக் கவுண்டி அனுமதி பெற்றாக வேண்டும். 2010 டிசம்பரில் செசப்பீக் விரிகுடாவுக்குள் போகக்கூடிய நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் ஆகியவற்றுக்குக் கூட்டாட்சி அரசு உச்ச அளவு விதித்தது. தண்ணீர் புகாத தரையை ஏக்கர் கணக்கில் சீர்செய்ய வேண்டிய கடமை கவுண்டிக்கு இருக்கிறது. பொது நிலம் மட்டும் அதற்குப் போதாது. நிலத்தில் பெரும்பங்கு தனியார் வீடுகளிடம் இருக்கிறது. ஆகவேதான் உங்கள் தோட்டத்துக்குக் கவுண்டி பணம் தருகிறது. உங்களுக்கு அது தேவைப்படுவது போலவே கவுண்டிக்கும் நீங்கள் தேவை. விண்ணப்பிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கூச்சம் வராது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மழைநீர் சேகரிப்பு புதிதல்ல. 2003இல் மாநிலம் முழுவதும் அது கட்டாயமாக்கப்பட்டதை நம்மில் பலர் நேரில் பார்த்தவர்கள். அங்கே கிணறு நிரம்ப வேண்டும் என்பது நோக்கம். இங்கே ஓடைக்குப் போகும் வேகம் குறைய வேண்டும் என்பது நோக்கம். வேலை ஒன்றுதான்.

மூன்றாம் படி: குப்பைத் தொட்டிகளைச் சரிசெய்யுங்கள்

வேறு கவுண்டியிலிருந்து குடிவந்தவர்கள் இங்கே குழம்புவது உண்டு. பல ஊர்களில் மறுசுழற்சிப் பொருள்கள் எல்லாம் ஒரே தொட்டியில் போகும். மான்ட்கோமரியில் அவை இரண்டாகப் பிரிகின்றன: காகிதமும் அட்டையும் சக்கரத் தொட்டியில், பாட்டில், டப்பா, கண்ணாடி, உலோகக் கொள்கலன் ஆகியவை நீலத் தொட்டியில். காகிதம் நனையாமலும் கண்ணாடித் தூள் கலக்காமலும் இருந்தால் அதற்கு நல்ல விலை கிடைக்கும். பிளாஸ்டிக் பைகளை இரண்டிலும் போடாதீர்கள்; பிரிப்பு இயந்திரத்தின் உருளைகளில் அவை சுற்றிக்கொள்ளும்.

புல், இலை, கிளைகளைக் காகிதப் பையிலோ திரும்பப் பயன்படும் தொட்டியிலோ வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் கட்டினால் எடுக்கமாட்டார்கள். இவை டிக்கர்சனில் மட்கி 'லீஃப்குரோ' என்ற பெயரில் உரமாகக் கடைகளுக்கு வருகின்றன. சாதாரணக் குப்பை டெர்வுட்டில் உள்ள ஷேடி குரோவ் நிலையத்திலிருந்து ரயிலில் அதே டிக்கர்சனுக்குப் போய், 1995இல் தொடங்கிய எரியூட்டு ஆலையில் எரிக்கப்படுகிறது. தொட்டியில் நீங்கள் எதைப் போடுகிறீர்கள் என்பது அந்தப் பகுதியின் காற்றையும் பற்றியது. அந்த ஆலையை மூட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது.

பெயின்ட், பூச்சிக்கொல்லி, மறுமின்னேற்ற பேட்டரி, குழல் விளக்கு போன்றவற்றை ஷேடி குரோவில் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக் கழிவுக்குக் கட்டணம் இல்லை. லித்தியம் பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும்.

நான்காம் படி: ஒரு நிகழ்ச்சிக்குப் போங்கள், கேள்வியோடு போங்கள்

வசந்த காலத்தில் நடக்கும் கிரீன்ஃபெஸ்ட்தான் தொடங்குவதற்கு எளிய இடம். கவுண்டித் துறைகளும் ஓடைக் குழுக்களும் ஒரே இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேசைகளுக்குப் போய்ப் பேசலாம். துண்டுப் பிரசுரம் சேர்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். வீட்டின் முன்புறம், பின்புறம், கூரைநீர் இறங்கும் குழாய், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். "இந்த இடத்துக்கு எந்தத் திட்டம் பொருந்தும்? இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா? என் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடிதம் தேவையா?" என்று நேருக்கு நேர் கேட்டால் வாரக்கணக்கில் மின்னஞ்சல் எழுதுவது மிச்சமாகும்.

ஏப்ரலில் ராக் கிரீக் முழுவதும் ஒரு பெரிய தூய்மைப் பணி நடக்கிறது. ஸ்லைகோ கிரீக்கில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அப்பகுதியினர் கூடி ஓடையைச் சுத்தம் செய்கிறார்கள். கையுறையும் பையும் பொதுவாக அங்கேயே தருவார்கள். முழுக்கைச் சட்டை, முழுநீளக் கால்சட்டை, கணுக்காலை மூடும் காலுறை ஆகியவை கட்டாயம், செருப்போடு போகாதீர்கள். இங்கே உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்த்துக் குளித்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாக வரும் 'பாய்சன் ஐவி' கொடியைக் குழந்தைகளுக்கு முதலிலேயே அடையாளம் காட்டுங்கள். பட்டால் தோல் கொப்பளிக்கும்.

ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் படிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கவுண்டிப் பள்ளிகளில் உயர்நிலைப் படிப்பை முடிக்க 75 மணிநேரச் சேவைக் கற்றல், அதாவது தன்னார்வப் பணி, வேண்டும். ஓடைத் தூய்மைப் பணி, பூங்காப் பணி பலவற்றை இதில் கணக்கிடுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கவுண்டித் தன்னார்வ மையத்தின் பட்டியலில் பள்ளி அங்கீகாரக் குறி, அதாவது பட்டமளிப்புத் தொப்பிப் படம், இருக்கிறதா என்று பதிவுசெய்வதற்கு முன்பே பாருங்கள். படிவத்தில் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவசர அவசரமாக மணிக்கணக்கைத் தேடி ஓடும் பிள்ளைக்கு ஓடையும் மனத்தில் நிற்காது, மரமும் நிற்காது. ஒரே ஓடைக்கு ஆண்டுதோறும் போகும் பிள்ளை அதன் கரை மாறுவதைக் கவனிக்கத் தொடங்கும்.

தொடர்ந்து செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பூங்காத் துறையின் 'வீட் வாரியர்ஸ்'. 1999இல் தொடங்கிய இத்திட்டத்தில், பயிற்சி பெற்றபின் உங்களுக்கு வசதியான நேரத்தில் பூங்காவுக்குப் போய் அயல்நாட்டுக் களைகளை அகற்றலாம். மரத்தைச் சுற்றிப் படரும் இங்கிலீஷ் ஐவி, கார்லிக் மஸ்டர்ட், தரை முழுதும் பரவும் ஸ்டில்ட்கிராஸ் ஆகியவற்றைப் பிரித்தறியக் கற்றுத் தருவார்கள். ஊரில் தோட்டவேலை பார்த்துப் பழகிய பெற்றோர் இங்கே வந்து அறைக்குள் அடைந்து கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அவர்களையும் ஒருநாள் குழுப்பணிக்கு அழைத்துப் போங்கள். குழுப்பணிக்குப் பயிற்சிச் சான்றிதழ் தேவையில்லை.

கோடையில் ஜூலை மாதப் பண்ணைச் சுற்றுலாவைத் தவறவிடாதீர்கள். 1980இல் கவுண்டி தன் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, 93,000 ஏக்கரை, வேளாண் காப்பு நிலமாக ஒதுக்கியது. தலைநகர் வாஷிங்டனுக்கு இவ்வளவு அருகில் சோளக்கொல்லைகள் இன்னும் இருப்பதற்கு அதுதான் காரணம். கவுண்டிப் பேருந்தான ரைடு ஆனில் 2025 ஜூன் இறுதியிலிருந்து கட்டணம் கிடையாது என்பதால் நகர்ப்புற நிகழ்ச்சிகளுக்குக் காரை விட்டுவிட்டே போகலாம். பண்ணைகளுக்குக் கார் வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரு மரம் கேளுங்கள்

'ட்ரீ மான்ட்கோமரி' திட்டத்தில் விண்ணப்பித்தால், வல்லுநர் வந்து இடத்தைப் பார்த்து, பொருத்தமான நிழல் மரத்தை அவர்களே நட்டு, மான் கடிக்காமல் பாதுகாப்பும் போட்டுத் தருவார்கள். உங்களுக்குச் செலவு இல்லை. கட்டுமானத்துக்காக மரநிழலை அழிப்பவர்கள் 2013ஆம் ஆண்டின் மரநிழல் சட்டப்படி கட்டும் தொகையில் இது நடக்கிறது.

சிறு பூமரம் கேட்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஓக் போன்ற பெரிய மரங்களுக்கே முன்னுரிமை என்பதால் இடம் தாராளமாக வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு. அதை ஏற்க முடியாதென்றால் விண்ணப்பிக்காதீர்கள்.

ஆறாம் படி: ரெயின்ஸ்கேப்ஸ் மானியம்

பணமும் உழைப்பும் அதிகம் கேட்கும் படி இது. பயனும் இதில்தான் அதிகம். மழைத்தோட்டம் (கூரைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளமான செடிப் பாத்தி), நாட்டுச் செடிப் பாத்தி, நீர் புகும் தளம், பெரிய நீர்த்தொட்டி, தேவையற்ற தார்த்தளத்தை அகற்றுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கவுண்டி திருப்பித் தருகிறது. ஒரு வீட்டுக்கு 7,500 டாலர் வரை கிடைக்கலாம்.

ஒரு விதியை மட்டும் மறக்கவே கூடாது: அனுமதி கிடைக்கும் முன் மண்வெட்டியைத் தொடாதீர்கள். முடிந்த வேலைக்கு மானியம் இல்லை.

மழை நன்றாகப் பெய்யும்போது குடையோடு வெளியே போய்க் கூரைநீர் எங்கே இறங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வரைபடத்தைவிட இது தெளிவாகச் சொல்லும். மழைத்தோட்டம் அந்த ஓட்டத்தின் வழியில், வீட்டு அடித்தளத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி அமைய வேண்டும். இல்லாவிட்டால் நிலவறைக்குள் ஈரம் வரும். அடுத்தது மண்சோதனை: ஓரடி ஆழக் குழியில் நீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். ஒருநாளுக்குள் வடிந்தால் அந்த இடம் ஏற்றது. இந்தப் பகுதியின் களிமண்ணில் பல இடங்கள் இதில் தேறாது. அங்கே நாட்டுச் செடிப் பாத்தி போடுங்கள். அதுவும் மானியத்துக்கு உரியதே. சோதனைக் குழியானாலும் தோண்டுவதற்குச் சில நாள்களுக்கு முன் 811 எண்ணை அழைத்தால், எரிவாயு, மின்கம்பிகள் போகும் வழியைக் கட்டணமின்றிக் குறித்துத் தருவார்கள்.

"கொசு வருமே" என்பது நம் வீடுகளில் எழும் முதல் எதிர்ப்பு. சரியாக அமைத்த மழைத்தோட்டம் ஒருநாளில் காய்ந்துவிடும். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் தேங்கிய நீர் வேண்டும். அடைத்துக்கொண்ட கூரை வாய்க்காலும் பூந்தொட்டித் தட்டும்தான் கொசுவுக்கு இடம் தருகின்றன.

வீட்டுச் சங்கம் மறுத்தால் கலங்க வேண்டாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மேரிலாந்துச் சட்டத்தின்படி, புல்தரைதான் இருக்க வேண்டும் என்று சங்கங்கள் கட்டாயப்படுத்த முடியாது. மழைத்தோட்டத்தையும் பூச்சிகளுக்கு உகந்த நாட்டுச் செடிகளையும் நியாயமின்றித் தடுக்க முடியாது. ஒழுங்காக வைத்திருக்கும்படி விதி போடலாம். ஆகவே, வரைபடத்தோடும் செடிப்பட்டியலோடும் முன்கூட்டியே சங்கத்திடம் எழுத்தில் கொடுங்கள். ஓரத்தில் கல்வரிசை வைத்தால் அது தோட்டம் என்பது அண்டை வீட்டாருக்கும் விளங்கும்.

செடிகளில், ஈரம் தாங்கும் ஸ்வாம்ப் மில்க்வீட் என் முதல் தேர்வு. மோனார்க் வண்ணத்துப்பூச்சி இந்த இனச் செடிகளில் மட்டுமே முட்டையிடும். ஜோ பை வீட், செந்நிறப் பூக்கும் கார்டினல் ஃப்ளவர், மாநில மலரான பிளாக்-ஐட் சூசன் ஆகியவையும் நன்றாக வரும்.

வெறும் மழைநீர்ப் பீப்பாய் போதாதா என்று கேட்பார்கள். 55 கேலன் பீப்பாய், 250 சதுர அடிக் கூரையின் நீரை வாங்கினால், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு மழைக்கே நிரம்பிவிடும். செடிக்கு ஊற்ற அது நல்லது. ஓடைக்கு அது மிகச் சிறிய உதவி.

ஏழாம் படி: சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பூங்காத் துறையின் சமூகத் தோட்டங்களில் பாத்தி வாடகைக்குக் கேட்கலாம். கேட்போர் அதிகம் என்பதால், நடவுக்காலம் வரை காத்திராமல் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று விசாரியுங்கள். வெண்டை, கத்தரி, மிளகாய், புடலை எல்லாம் மண் நன்றாகச் சூடான பிறகே, மே மாதத்தில் வைக்க வேண்டும். செடியில் நோய் கண்டால் மேரிலாந்துப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் 'மாஸ்டர் கார்டனர்கள்' என்ற பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நடத்தும் செடி மருத்துவ முகாமுக்கு ஓர் இலையைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். வீட்டனில் உள்ள புரூக்சைடு கார்டன்ஸ் ஐம்பது ஏக்கர். தோட்டத்துக்குள் போகக் கட்டணம் இல்லை.

எட்டாம் படி: அபராதம் தரக்கூடிய சட்டங்கள்

2012இல் ஐந்து சென்ட் பைக் கட்டணத்தோடு தொடங்கியது, 2026 ஜனவரி முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைத் தடையாகவும் காகிதப் பைக்குப் பத்து சென்ட்டாகவும் மாறியிருக்கிறது. பெட்ரோலில் ஓடும் இலை ஊதிகளை 2025 ஜூலை முதல் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் அமர்த்தும் தோட்டக்காரருக்கும் இது பொருந்தும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புல்வெளியில் அழகுக்காக அடிக்கும் பெரும்பாலான செயற்கைப் பூச்சிக்கொல்லிகளுக்கும் தடை உண்டு. 2015இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் ஒருமுறை தோற்று, 2019இல் மேல்முறையீட்டில் வென்றது.

ஒன்பதாம் படி: பணம் ஒதுக்கப்படும் அறைக்குப் போங்கள்

மேலே சொன்ன எந்தத் திட்டமும் தானாகத் தொடராது. கவுண்டி நிர்வாகத் தலைவர் மார்ச் 15க்குள் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்கிறார். பதினொரு உறுப்பினர் கொண்ட கவுண்டி மன்றம் ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்டு, ஜூன் 1க்குள் அதை நிறைவேற்ற வேண்டும். ஜூலை 1இல் புதிய நிதியாண்டு. குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம். இங்கே குடியிருப்பதே போதும்.

பேச முன்பதிவு வேண்டும். கிடைப்பது சில நிமிடங்கள். நேரில் முடியாவிட்டால் எழுதி அனுப்பலாம். சுற்றுச்சூழல் முக்கியம் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. அதை எல்லோரும் சொல்வார்கள். உங்கள் தெருவின் பெயர், எந்த ஓடை, எந்தத் திட்டம், அதில் நீங்கள் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், எந்தத் தொகையைக் கூட்ட வேண்டும் அல்லது குறைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். உங்கள் வட்டத்துக்கு ஓர் உறுப்பினரும் கவுண்டி முழுமைக்கும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஐவருக்கும் பிரதி அனுப்புங்கள். மழைத்தோட்டத்தின் முன்னும் பின்னுமான படங்கள் இருந்தால் இணைத்துவிடுங்கள். பேச்சாளர் பட்டியல் விரைவில் நிரம்பிவிடும்; மார்ச் மாதம் திட்டம் வெளியான வாரத்திலேயே 311ஐ அழைத்துப் பதிவு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுவிடுங்கள்.